கண்டற்காட்டினுள் கடாரம்

கடாரம் என்னும் பெயரை அறியாத தமிழ் மாணவர் அரியர். முதலாம் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடற்படை செலுத்தி வென்ற இடங்களுள் ஒன்றாக அவனுடைய மெய்க்கீர்த்தி அதனைக் கூறும். பட்டினப்பாலையில் வரும் காழகம் என்னும் சொல்லுக்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்றே பொருள் உரைத்தார். எனினும், அக்கடாரம் எத்தகைய நிலத்தில் இருந்தது, எதனால் வளர்ந்தது, எவ்வாறு மறைந்தது என்னும் வினாக்களுக்கு நூல்கள் மட்டும் விடை தாரா. விடையின் பெரும்பகுதி கெடா மாநிலத்து மெர்போக் ஆற்றின் கரைகளில் உள்ளது. அதனைப் படகில் அமர்ந்தே கற்கத் தொடங்கலாம்.

கோலாலம்பூரிலிருந்து செல்வோர், பிரிக்பீல்ட்ஸை அடுத்த கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இரயிலேறிச் சுங்கை பட்டாணியில் இறங்கி, சாலை வழியே செமெலிங் படகுத்துறையை அடையலாம். வழிகாட்டி துணைவர, ஆறு கடலோடு கலக்கும் சதுப்புக் காட்டினூடே படகு செல்லும். செம்பருந்துகளும் கொக்குகளும், மீன் வளர்க்கும் மிதவைக் கூண்டுகளும் வழியெங்கும் காட்சி தரும். பலர் இவற்றைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். ஆயினும், இங்குக் கற்பதற்குரிய முதற்பாடம் மரத்திலேயே உள்ளது.

மலாய் மொழியில் பாக்காவ் எனப்படும் இம்மரம், நெய்தல் நிலத்துக்கு உரியதாகச் சங்கப் புலவர் பாடிய கண்டல் வகையைச் சேர்ந்ததாகும். உவர்ச்சேற்றில் மரம் சாயாதிருக்க, அடிமரத்திலிருந்து வளைந்து இறங்கும் முட்டுவேர்கள் தாங்குகின்றன. வித்து, மரத்தில் இருக்கும்போதே முளைத்து ஈட்டிபோல் நீண்டு, பின்னர்ச் சேற்றில் விழுந்து வேரூன்றும். நாள்தோறும் இருமுறை ஏறி வடியும் ஓதநீர் இவ்வேர்களிடையே வேகம் குன்றும். நீரில் கலந்து வந்த வண்டல் அங்கே படியும். இவ்வாறு பல நூற்றாண்டுகள் படிந்த வண்டலால், முன்பு கப்பல் நின்ற நீர்நிலை கரையாக மாறியது. கடலோரம் மேற்கே விலகியது.

இதற்குச் சான்று, படகை விட்டு இறங்கிச் சுங்கை பத்து என்னும் இடத்துக்குச் சென்றால் கிடைக்கும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009-ஆம் ஆண்டு முதல் அங்கே நிகழ்த்திய அகழாய்வில், செங்கல்லாலான படகுத்துறைகளும் இரும்பு உருக்கிய உலைக்களங்களும் வெளிப்பட்டன. இன்று கடற்கரைக்கு நெடுந்தொலைவில் உள்ள நிலத்தில் படகுத்துறை இருப்பானேன்? மரத்தின் வேரைப் பார்த்தவர்க்கு இவ்வினா புதிராகாது.

கப்பல்கள் இவ்விடத்தை நாடியதற்கும் காரணம் கண்முன்னே நிற்கிறது. 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலை, வங்கக்கடலைக் கடந்து வருவோர்க்குத் தொலைவிலேயே கரையை அறிவித்தது. தென்மேற்குக் காற்றில் வந்த வணிகர், வடகிழக்குக் காற்று வீசும்வரை தங்குவதற்கு இக்கழிமுகம் ஏற்ற புகலிடமாயிற்று. சுங்கை மாஸ், பெங்காலான் பூஜாங் முதலிய இடங்களில் கிடைத்த மணிகளும், சீனப் பீங்கான்களும், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் அவ்வணிகத்தின் பரப்பைக் காட்டுவன.

ஈண்டு ஒரு பிழையைக் களைதல் வேண்டும். கடாரம் என்றதும், அது தமிழர் அமைத்த குடியேற்றம் என்று நம்மவர் சிலர் பெருமையோடு கூறிவிடுகின்றனர். 1930-களில் இங்கு அகழ்ந்த குவாரிச் வேல்ஸ் என்பவரும் இந்தியக் குடியேற்றம் என்றே கருதினார். பிற்கால ஆய்வாளர் பலர் அக்கருத்தை ஏற்கவில்லை. 1959-60-இல் மீட்டமைக்கப்பட்ட புக்கிட் பத்து பகாட் கோயில் விமானமும் மண்டபமும் உடையதாயினும், அது அவ்விடத்து ஓடைக் கற்களைக் கொண்டே கட்டப்பட்டது. இரும்பை உருக்கியதும் இம்மண்ணில்தான். ஆகவே, இது இந்நாட்டு மக்கள் வளர்த்த துறைமுகம். தமிழர் அதற்கு வந்துசென்ற விருந்தினர், வணிகர், சிலபோது பகைவர். உறவு இருவழிப்பட்டது என்பதற்கு, கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரமும், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டதைக் கூறும் செப்பேடும் சான்றாம். இவ்வுண்மையால் தமிழரின் பெருமை குறையாது. அது தெளிவு பெறும்.

மரத்தையும் தொல்பொருளையும் ஒருங்கே காப்பது இயலாத செயலன்று. மெக்சிகோ நாட்டின் சியான் காஅன் சதுப்புநிலம் 1986-இல் காப்பகமாகவும், 1987-இல் உலக மரபுரிமை இடமாகவும் ஏற்கப்பட்டது. அங்கே முயில் என்னும் பழம்பதியை அடுத்த கால்வாய்களில், மாயன் இனத்தவரே படகோட்டி, தம் முன்னோர் வணிகம் செய்த நீர்வழியைக் காட்டுகின்றனர்.

பூஜாங் பள்ளத்தாக்கின் நிலையோ வேறு. 2013-ஆம் ஆண்டில், தனியார் நிலத்தில் இருந்த பதினோராம் எண் சண்டி, நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்ட செய்தி நாடெங்கும் அதிர்ச்சி அளித்தது. வெட்டிய கண்டலை மீண்டும் நடலாம். முப்பது நாற்பது ஆண்டுகளில் காடு திரும்பக்கூடும். இடித்த செங்கல்லின் அடுக்கு எந்நாளும் திரும்பாது.

தோட்டங்களின் மண்ணுக்கடியிலும் ஆற்றோரங்களிலும் இன்னும் அகழப்படாத பகுதிகள் உள்ளன. அவற்றைக் காக்கச் சட்டம் வேண்டும். ஆயினும், காணும் கண் அதற்கு முன்னர் வேண்டும். நெய்தல் திணையைக் கரும்பலகையில் நடத்தும் ஆசிரியர் ஒருமுறையேனும் மாணவரை இவ்வாற்றுக்கு அழைத்துச் செல்வாராயின், கண்டல் அவர்க்குச் சொற்பொருள் பட்டியலில் ஒரு பெயராக நில்லாது. மேட்டுநிலத்தில் ஒரு பழஞ்செங்கல்லைக் காணும்போது அதனை எறியாது, ஏன் இங்கே என்று வினவும் மாணவன் ஒருவன் உருவானாலும், அப்படகுப் பயணம் பயனுடையதே.