நனைந்த ஏடும் கருகிய தாளும்

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் ஆண்டுக்கு இருமுறை நெல் விளையும் வளமுடையன. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வரும் பெரியாற்று நீரே அவ்வளத்திற்குக் காரணம். 1895 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அணை அந்நீரைத் தேக்குகிறது. அவ்வணைக்கோ ஓர் ஆவணம் அடிப்படையாயிற்று. 1886 அக்டோபர் 29 ஆம் நாள் திருவிதாங்கூர் அரசும் ஆங்கில அரசும் செய்துகொண்ட குத்தகை உடன்படிக்கையே அது. அதன் காலம் 999 ஆண்டுகள். உழவர் வீட்டுப் பெட்டியில் உறங்கும் நிலப் பத்திரமும் இத்தகையதே. தாள் மெல்லியது, அது தாங்கும் உரிமையோ பெரியது. அத்தாளுக்கு நீரும் நெருப்பும் பெரும்பகை.

தாள் என்பது நுண்ணிய நார்களின் பின்னல். நீர் பட்டவுடன் நார்கள் பருக்கின்றன. தாள் வலிமை இழக்கிறது. எளிதில் கரையும் சாய மை பரவி மறைகிறது. அச்சு மை பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் இரண்டே நாளில் பூஞ்சை தோன்றிவிடும். ஆதலின் நனைந்த ஏட்டைக் காப்பதில் காலமே முதன்மையானது.

நனைந்த நூலை உடனே விரித்துப் புரட்டுதல் தவறு, தாள் கிழிந்துபோகும். சேற்றைத் தேய்த்தலும், கடும் வெயிலில் உலர்த்துதலும் தீங்கே. வெயிலில் தாள் சுருங்கி நெளியும்; மையும் வெளிறும். நிழலில், விசிறிக் காற்று உலவும் இடத்தில் நூலை வைத்தல் வேண்டும். சில தாள்களுக்கு ஒருமுறை மையொற்றுத் தாளை இடையிட்டு, அது நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். பளபளப்பான படத்தாள்கள் உலரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆதலின் ஈரமாக இருக்கும்போதே அவற்றைப் பிரித்தல் நன்று.

நூல்கள் ஆயிரக்கணக்கில் நனைந்தால் எல்லாவற்றையும் இரு நாளில் உலர்த்த இயலாது. அந்நிலையில் அவற்றை உறையவைப்பர். உறைந்த ஏட்டில் பூஞ்சை வளராது, மையும் பரவாது. பின்னர்க் காற்று நீக்கிய அறையில் வைப்பர். அங்கே பனிக்கட்டி உருகி நீராகாமல் நேரே ஆவியாகி வெளியேறும்.

1966 நவம்பர் 4 ஆம் நாள் இத்தாலியின் பிளாரன்சு நகரில் ஆர்னோ ஆறு கரைபுரண்டது. அங்குள்ள தேசிய நூலகத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் இதழ்களும் சேற்றில் மூழ்கின. பல நாட்டு இளைஞர்கள் வரிசையாக நின்று நூல்களைக் கைமாற்றி வெளிக்கொணர்ந்தனர். புகையிலை உலர்த்தும் கூடங்களிலும் நூல்கள் உலர்த்தப்பட்டன. செப்பனிடும் பணி பல்லாண்டுகள் நீடித்தது.

நெருப்பின் செயல் வேறு. மூடிய நூலின் உள்ளே காற்றுப் புகாமையால், ஓரங்கள் கருகினும் நடுப்பகுதி பெரும்பாலும் எஞ்சும். கருகிய தாள் தொட்டாலே நொறுங்கும். அதனைத் தட்டையான அட்டையால் தாங்கி எடுத்து, மெல்லிய சப்பானியத் தாளை மாவுப்பசை கொண்டு ஒட்டி வலுவூட்டுவர். கண்ணுக்குக் கருமையாகவே தோன்றும் பக்கத்திலும், அகச்சிவப்புக் கதிர்ப் படம் எழுத்தைக் காட்டுவதுண்டு. அமெரிக்காவின் செயிண்ட் லூயி நகரில் 1973 ஆம் ஆண்டு இராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகம் எரிந்தது. நெருப்பை அணைத்த நீரும் ஏடுகளை நனைத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. எனினும் ஏறத்தாழ 65 இலட்சம் கோப்புகள் மீட்கப்பட்டன.

சாம்பலான ஏட்டை மீட்கும் வழி எக்கலையிலும் இல்லை. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் அழிந்தன. கட்டடம் மீண்டும் எழுந்தது. வேறெங்கும் படியில்லாத ஏடுகளோ மீளவில்லை.

ஆதலின் படியெடுத்து வேறிடத்தில் வைத்தலே சிறந்த காவல். பதிவு செய்த நிலப் பத்திரம் வெள்ளத்தில் போயினும், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம். மூலத்தை ஈரம் படாத உயரமான இடத்தில் வைத்தலும், அடுப்புக்கும் விளக்குக்கும் அப்பால் வைத்தலும் எவர்க்கும் எளிய செயல்களே. இழந்தபின் மீட்கும் கலை அரியது. இழவாமல் காக்கும் பழக்கம் அதனினும் பயனுடையது.