தேர் நகராத வைகாசி

2023 மே 5-ஆம் தேதி, கொரோனா அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2020 ஜனவரி 30 முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடித்த நெருக்கடி அது.

புதுச்சேரியின் பாகூர் பக்கத்து மக்களுக்கு அந்தக் காலம் என்றாலே எல்லைத் தடுப்புதான் நினைவுக்கு வரும். புதுச்சேரி ஊர்களும் தமிழக ஊர்களும் இங்கே பின்னிக் கிடக்கின்றன. வீடு ஒரு மாநிலத்தில், வயல் இன்னொன்றில். கடலூர் சந்தைக்குப் போவது அடுத்த தெருவுக்குப் போவது மாதிரி. 2020 மார்ச் 25-இல் நாடு முழுக்க ஊரடங்கு வந்ததும், யாரும் கண்டுகொள்ளாத அந்தக் கோடு திடீரென்று சுவரானது. பறித்த கத்தரிக்காயைச் சந்தையில் சேர்க்கவே அனுமதி தேவைப்பட்டது. நோயைவிட இதுவே சிறு விவசாயியை அதிகம் வாட்டியது என்று சொன்னால் மிகையில்லை.

ஊரடங்கு திருவிழாவையும் விட்டுவைக்கவில்லை. புதுச்சேரியின் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரைப் பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர்களே வடம் பிடித்து இழுத்தார்கள். இன்று துணைநிலை ஆளுநர் இழுக்கிறார். கூட்டம் கூடத் தடை இருந்த 2020 வைகாசியில் அந்தத் தேர் நிலையிலேயே நின்றது.

பிறகு தேர் ஓடியபோது மாடவீதியில் தோளோடு தோள் உரச நின்றது ஊர். சிலருடைய முகத்தில் மட்டும் முகக்கவசம் இருந்தது.