ஓ.எல். தவறிய பிள்ளைக்கும் பாடசாலை உண்டு

ஓ.எல். (சாதாரண தர) பெறுபேறு வரும் நாட்களில் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழும்: "கணக்கு போயிருச்சு, கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பிறலாம்."

அவசரப்பட வேண்டாம். 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் தொழிற் பிரிவில் 12ஆம் தரத்துக்குச் சேரலாம். முதலில் பொதுப் பாடங்கள், பிறகு ஒரு தொழிலில் பயிற்சி, அதன் வழியே என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) 4ஆம் மட்டச் சான்றிதழ். அந்தத் தகைமை ஏணியில் 7ஆம் மட்டம் பட்டப்படிப்பு.

2025இல் அரசு முன்வைத்த சீர்திருத்தமும் தொழிற்கல்விக்கு அழுத்தம் தருகிறது. பிள்ளையே பாதையைத் தெரிவு செய்யலாம் என்கிறார்கள். நல்லதுதான், ஆனால் தோட்டப்புறத்தில் தெரிவைத் தீர்மானிப்பது பாடசாலையின் வகை. உயர்தர விஞ்ஞானம் 1ஏபி பாடசாலையில் மட்டும். 1சி என்றால் கலையும் வர்த்தகமும். வகை 2 பதினோராம் தரத்தோடு நின்றுவிடும், வகை 3 அதற்கும் கீழே. அரசு 1970களில்தான் பொறுப்பேற்கத் தொடங்கிய தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி இரண்டு வகை. விஞ்ஞானம் படிக்கக்கூடிய பிள்ளையைப் பக்கத்தில் வேறு வழியில்லை என்று தையலுக்கு அனுப்பினால், அதற்குத் தெரிவு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கேளுங்கள். உங்கள் வலயத்தில் எந்தப் பாடசாலையில், எந்தத் தொழில், தமிழ்மொழியில் கற்பிக்கப்படுகிறது? வலயக் கல்விப் பணிமனை வாய்திறக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலே போதும், எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். சிங்களத்தில் மட்டும்தான் வகுப்பு என்றால், இரண்டு தேசிய மொழிகளில் ஏதேனும் ஒன்றில் கல்வி பெறும் உரித்தைத் தரும் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரையைச் சுட்டிக்காட்டி அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

டவுனில் காசு வாங்கும் தனியார் நிலையங்களிடம் கவனம். நிலையம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருப்பது வேறு, அங்கே நடக்கும் பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆணைக்குழுவிடம் இரண்டையும் கேட்டு உறுதிசெய்துகொண்டு, பற்றுச்சீட்டோடு பணம் கட்டுங்கள்.

வேலைக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதையும் கவனியுங்கள்: 16 வயது வரை கல்வி கட்டாயம். 2021 முதல் அந்த வயதுக்குக் கீழ் வேலைக்கு வைப்பதும் குற்றம். யாராவது தரகர் பிள்ளையைக் கேட்டு வந்தால் 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், கட்டணமில்லை.

ஏற்கெனவே கொழும்பில் கராஜிலோ வெதுப்பகத்திலோ வேலை பழகிவிட்ட மூத்தவருக்கும் வழி அடைபடவில்லை. வகுப்புக்கே போகாமல், கைத்தொழிலையும் அனுபவத்தையும் மதிப்பீடு செய்து என்.வி.கியூ. வழங்கும் முறை உண்டு. நைட்டா (தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை) அலுவலகத்தில் விசாரிக்கலாம். வேலை செய்த இடத்தின் கடிதத்தை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.