வாலில்லா விமானம்: நம் நிலத்தின் நீரோட்டத்தை நாமே பார்க்கலாம்

டிரோன் என்றாலே மருந்தடிக்கும் மெஷின்தான் பலருக்கும் ஞாபகம் வருது. இயற்கை விவசாயிக்கு அந்த வேலை இல்லை. ஆனா மழைத்தண்ணி எந்த வழியா ஓடுது, மேல்மண் எங்கே அரிக்குது என்று பார்க்க, மேலிருந்து எடுத்த படம் பெரிய உதவி. மானாவாரி மேட்டு நிலத்தில் வரப்பு தப்பான இடத்தில் விழுந்தால் ஒரு கனமழைக்கே உடையும். பல வருசமா சேர்த்த மண் ஓடையோடு போயிடும். அதற்காகத்தான் நானும் எங்க ஊர்ப் பையன்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாலில்லாத குட்டி விமானம் ஒன்றைச் செய்தோம்.

நாலு விசிறி டிரோன் தன் எடை முழுவதையும் விசிறியாலேயே தூக்கணும். பேட்டரி சீக்கிரம் தீரும். இறக்கை இருந்தால் காற்றே தூக்கிக்கொள்ளும்; மோட்டார் முன்னே தள்ளினால் போதும். வாலும் உடம்பும் இல்லாததால் உடையும் பாகங்களும் குறைவு.

"வால் இல்லாம எப்படிங்க பறக்கும்?" என்று கேட்காதவர் இல்லை. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் அல்சோமித்ரா என்று பூசணிக் குடும்பத்துக் கொடி ஒன்று உண்டு. சுமார் 13 செ.மீ. அகல இறக்கையோடு அதன் விதை வெகுதூரம் மிதந்து போகும். அதற்கு வால் கிடையாது; எடை சரியான இடத்தில் இருக்கு, அம்புட்டுதான். 1900களின் தொடக்கத்தில் இகோ எட்ரிச் என்பவர் இந்த விதையைப் பார்த்துத்தான் தன் கிளைடரை வடிவமைத்தார்.

எடை நிற்கும் இடம்

எங்கள் விமானம் இறக்கை முனைக்கு முனை 1 மீட்டர். இறக்கையின் அகலம் எல்லா இடத்திலும் 25 செ.மீ. இரண்டு முனைகளும் மூக்கிலிருந்து 25 செ.மீ. பின்தள்ளி இருக்கும். வளைந்தாலும் உடையாத இ.பி.பி. நுரை அட்டையைச் சூட்டுக்கம்பியால் அறுத்து, உள்ளே கார்பன் குச்சி வைத்தோம். மோட்டார் பின்பக்கம், பேட்டரி மூக்கில். மொத்தம் 800 கிராம்.

இந்த அளவுக்குக் காற்றின் தூக்குவிசை மூக்கிலிருந்து சுமார் 18.75 செ.மீ. தூரத்தில் நிற்கும். எடை அதற்கு 2 செ.மீ. முன்னால், அதாவது 16.5 முதல் 17 செ.மீ.க்குள் இருக்கணும். இரண்டு விரல் நுனியில் அந்த இடத்தில் தாங்கிப் பிடித்தால் மட்டமாக நிற்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் பறக்க விடாதீங்க. பேட்டரியை முன்னே நகர்த்துங்க.

இறக்கையின் பின்விளிம்பில் இரண்டு மடல்கள் உண்டு. இரண்டும் மேலே போனால் மூக்கு உயரும். ஒன்று மேலே, ஒன்று கீழே போனால் விமானம் சாய்ந்து திரும்பும். தொடக்கத்தில் இரண்டையும் 2, 3 மி.மீ. மேலே தூக்கி வையுங்க.

சோதனை படிப்படியாக

முதல் படி, மோட்டார் ஓடாமல் புல்தரையில் எதிர்காற்றில் மெல்ல எறிவது. மூக்குக் குத்தினால் மடலை இன்னும் கொஞ்சம் தூக்கணும். மேலே எழும்பி நின்று விழுந்தால் எடையை முன்னே நகர்த்தணும்.

இரண்டாம் படி, ரிமோட்டில் கையால் ஓட்டுவது. விசிறி பின்னால் இருப்பதால், கையை விட்டு விமானம் போன பிறகுதான் மோட்டார் சுற்றணும். விரல் பத்திரம்!

மூன்றாம் படிதான் தானியங்கி. ஆர்டுபைலட் என்ற இலவச மென்பொருள் போட்ட சிறு கணினிப் பலகையும் ஜி.பி.எஸ்.ஸும் விமானத்தில் இருக்கு. விசிறியைக் கழற்றி வைத்துவிட்டு, தானே மட்டம் பிடிக்கும் முறையைப் போட்டு, விமானத்தைக் கையில் பிடித்து இடப்பக்கம் சாய்த்துப் பாருங்க. இடப்பக்க மடல் கீழே இறங்கணும். மூக்கைத் தாழ்த்தினால் இரண்டு மடலும் மேலே ஏறணும். தலைகீழாக நடந்தால், அந்த விமானம் பறந்த சில நொடியில் மண்ணில்தான் குத்தும். ரிமோட்டை அணைத்தால் வீடு திரும்பும் முறைக்கு மாறுகிறதா என்பதையும் தரையிலேயே பார்த்துடணும்.

படமும் மண்வெட்டியும்

நொடிக்கு 12 மீட்டர் வேகம், 30 மீட்டர் இடைவெளியில் உழவுச்சால் மாதிரி போய்வந்தால், ஒரு ஏக்கருக்கு 11 நொடி. திரும்பும் நேரத்தையும் சேர்த்து 20 நொடி வைத்தாலும் 40 ஏக்கரைக் கால்மணி நேரத்துக்குள் முடிக்கலாம். ஒரு படமும் அடுத்த படமும் முக்கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழணும். அப்போதான் ஓப்பன் டிரோன் மேப் என்ற இலவச மென்பொருள் அவற்றை ஒட்டி, மேடு பள்ளக் கோடுகளைத் தரும். பயிர் நின்றால் தரை மறையும். அதனால் கோடையில், மழைக்கு முன்பே எடுத்துடுங்க.

2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள்படி 2 கிலோவுக்கு உட்பட்டதை வணிகமில்லாமல் ஓட்ட ஓட்டுநர் சான்று தேவையில்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி வேண்டாம். டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உங்க ஊர் எந்த மண்டலம், பதிவு எண்ணுக்கு நடப்பு விதி என்ன என்று பார்த்துவிட்டுப் பறக்க விடுங்க. விமானம் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கட்டும்.

படம் நூல் பிடித்த மாதிரி துல்லியம் என்று நம்பி நேராக ஜே.சி.பி.யைக் கூப்பிடாதீங்க. எங்கே பார்க்கணும் என்றுதான் அது சொல்லும். அந்த இடத்துக்கு நடந்துபோய், ஏ வடிவச் சட்டத்தாலோ டியூப் லெவலாலோ மட்டம் பார்த்து முளை அடிச்சுட்டு, அப்புறம் வெட்டுங்க.