பழைய கணினியோடு ஏன் பழகுகிறார்கள்?



கைப்பேசி பழுதாகிவிட்டால் கடைக்காரர் என்ன சொல்கிறார்? "இதைப் பார்த்துப் பயனில்லை, புதியது வாங்கிக் கொள்ளுங்கள்" என்கிறார். நாமும் வாங்கி விடுகிறோம். இந்தக் காலத்தில், நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய கணினியைத் துடைத்து வைத்து இன்றும் இயக்கி மகிழ்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கத் தோன்றும். காரணத்தைப் பார்ப்போம்.

அவர்கள் மிகவும் விரும்பும் கணினிகளுள் ஒன்று கொமொடோர் 64. அமெரிக்காவில் 1982-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. விலை 595 அமெரிக்க டாலர். பார்ப்பதற்குத் தடித்த தட்டச்சுப் பலகை போலிருக்கும்; கணினி முழுவதும் அதற்குள்ளேதான். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே அதற்குத் திரை. நினைவகம் 64 கிலோபைட்டு. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைப்போல் பல மடங்கு இடம் வேண்டும்.

சுவிட்சைப் போட்டால், சில வினாடிகளில் நீலத் திரையில் "ரெடி" என்ற சொல் தோன்றும். அவ்வளவுதான். விளம்பரம் இல்லை, மணி அடித்து அழைப்பதும் இல்லை. நாம் என்ன சொல்லப் போகிறோம் என்று காத்திருக்கும். விளையாட்டை ஒலிநாடாவிலிருந்து ஏற்ற வேண்டுமானால் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஒரு தேநீர் குடித்து விடலாம்!

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பழைய சைக்கிளை நம் வீட்டுப் பையன்களே கழற்றிப் பூட்டுவார்கள். எந்தப் பகுதி எதற்கு என்று அவர்களுக்குத் தெரியும். இந்தக் கணினியும் அப்படித்தான். நிறுவனம் விற்ற வழிகாட்டி நூலிலேயே மின்சுற்றின் வரைபடம் சேர்ந்திருந்தது. அந்த நிறுவனம் 1994-இல் நொடித்துப் போயிற்று, கேட்பதற்கு ஆளில்லை. ஆனால் வரைபடம் இருக்கிறதே! அதைப் பார்த்து இன்றும் பழுது பார்க்கிறார்கள். இதன் மின்வழங்கிப் பெட்டி வயதானால் 5 வோல்ட்டுக்குப் பதில் கூடுதலாகத் தந்து, நினைவகச் சில்லுகளைக் கெடுத்துவிடும். ஆகவே விவரம் அறிந்தவர்கள் முதலில் அந்தப் பெட்டியை மாற்றிவிட்டுத்தான் சுவிட்சில் கை வைப்பார்கள்.

இளமை நினைவும் இதில் கலந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. வங்கி வேலைக்கோ பிள்ளைகளின் இணையப் பாடத்துக்கோ இது உதவாது என்பதும் உண்மை. ஆயினும், ஒரு பொறியை முழுவதும் புரிந்துகொள்ளும் மகிழ்ச்சியை இன்றைய கைப்பேசி நம் பிள்ளைகளுக்குத் தருவதில்லை. அதுதான் நமக்குக் கவலை.

பழைய கணினியைத் தேடி அலைய வேண்டாம். வைஸ் என்னும் இலவச நிரல், சாதாரணக் கணினியையே கொமொடோர் போல நடிக்க வைக்கும். முதல் வரியில் 10 என்ற எண், பிறகு பிரிண்ட் என்ற கட்டளை, மேற்கோள் குறிக்குள் பிள்ளையின் பெயர். அதில் தமிழ் எழுத்து இல்லை. பெயரை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இரண்டாம் வரியில் 20, கோட்டு 10. பின் ரன் என்று தட்டிப் பொத்தானை அழுத்தினால், பிள்ளையின் பெயர் திரை நிறைய ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்துவது எப்படி என்பதைப் பிள்ளையே தேடட்டும்.