அப்டேட் தடைப்படும்போது...

மடிக்கணினி இன்று பல குடும்பங்களுக்கு ஒரு பெட்டகமாகவே விளங்குகின்றது. பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், திருமணப் படங்கள், வீட்டுவரி இரசீதுகள், வங்கிக் கணக்கு விவரங்கள் யாவும் அதனுள் அடங்கியுள்ளன. அப்பெட்டகத்தின் பூட்டைச் செப்பனிடவே, ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று விண்டோஸிற்குரிய திருத்தங்கள் வெளியிடப்படுகின்றன. அவ்வாறு வரும் அப்டேட் இடையில் நின்று, திரையில் விளங்காத எண்ணொன்று தோன்றுமாயின், "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று நம்மில் பலர் கணினியை மூடிவிடுகின்றோம்.

இந்த ஒத்திவைப்பின் விலை என்ன என்பதை 2017-ஆம் ஆண்டு உணர்த்திற்று. அவ்வாண்டு மார்ச் 14 அன்று, விண்டோஸில் இருந்த குறையொன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் வெளியிட்டது. மே 12 அன்று, அதே குறையின் வழியாக 'வன்னாகிரை' என்னும் தீய நிரல் நுழைந்து, ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். இரு மாதங்களாகியும் திருத்தம் ஏற்றப்படாத கணினிகளே பெரும்பாலும் வீழ்ந்தன.

ஆகவே தடையை நீக்கும் வழியை அறிந்திருத்தல் நன்று. எதனையும் தொடுமுன், இன்றியமையாத கோப்புகளைப் பென்டிரைவிலோ வெளி வன்தட்டிலோ படியெடுத்து, அதனைக் கழற்றி வைப்போம். திரையில் தோன்றிய எண்ணைத் தாளில் குறித்துக்கொள்வோம். பின்னர், சார்ஜரை இணைத்து, 'ரீஸ்டார்ட்' கொடுப்போம். பல மடிக்கணினிகளில் 'ஷட் டவுன்' செய்தாலும் விண்டோஸின் பழைய நிலையில் ஒரு பகுதி சேமிக்கப்பட்டே இருக்கும். 'ரீஸ்டார்ட்' ஒன்றே அதனை முற்றிலும் புதிதாய்த் தொடங்கச் செய்யும். சிறு தடைகள் பல இதனாலேயே விலகுவதுண்டு.

அடுத்து, அந்த எண்ணை நோக்குவோம். அது 80070070 என முடிந்தால், வன்தட்டில் இடமில்லை என்பது பொருள். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஸ்டோரேஜ்' சென்று தற்காலிகக் கோப்புகளை நீக்கலாம். ஆனால் அப்பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்பதும் காணப்படும். அதனைக் குறியிட்டால் நாம் சேமித்தவையும் அழியும். 80073712 என முடிந்தால், அப்டேட்டிற்கு வேண்டிய விண்டோஸ் கோப்புகள் சில பழுதுற்றன அல்லது காணாமற்போயின என்பது பொருள். முதலில் 'டிஸ்ம்', பின்னர் 'எஸ்எஃப்சி' என்னும் விண்டோஸின் சொந்தக் கருவிகளை அவ்வரிசையில் இயக்க வேண்டும். இதில் பழக்கமில்லாதோர், அறிந்தவர் ஒருவரின் துணையை நாடுதல் நலம்.

அப்டேட் ஏறிக்கொண்டிருக்கையில் பொறுமை தேவை. எவ்வளவு நேரமாகின்றதே என்று சலித்து மின்சாரத்தைத் துண்டித்தால், சிறு தடை பெரும் பழுதாகிவிடும்.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. "உங்கள் கணினி பழுதுற்றது, இந்தத் தொலைபேசி எண்ணை உடனே அழையுங்கள்" என்று திரையில் தோன்றினால், அது ஏமாற்று வேலையே. மைக்ரோசாப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இடம்பெறுவதில்லை. வீட்டிலுள்ள முதியோருக்கு இதனை அவசியம் எடுத்துரைப்போம்.

இவற்றிற்குப் பின்னும் புதிய பதிப்பு ஏறவில்லையெனில், காரணம் கணினியின் வயதாகவும் இருக்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 11-க்கோ குறைந்தது 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பிடமும், 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். இவை இல்லாத பழைய மடிக்கணினியைப் பிள்ளைகள் எழுதிப் பழகவோ, படங்களைக் காணவோ வைத்துக்கொள்ளலாம். வங்கிப் பணிகளை மட்டும் அதில் தவிர்ப்பதே அறிவுடைமை.

திரையில் தோன்றும் பிழை எண் நம்மை அச்சுறுத்த வந்ததன்று. நோய் எங்குள்ளது எனச் சுட்டும் விரலே அது. அச்சுட்டலைப் புறக்கணியாது அன்றே கவனித்தால், இல்லத்தின் செல்வம் காக்கப்படும்.