கவர்மென்ட் மேலயே கேஸ் போடலாமா பாஸ்?

செமஸ்டர் முடிஞ்ச மறுநாள். நாலு பைக், எட்டுப் பேர். அடிவாரத்தில் சூடா ஒரு டீ. அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கிட்டே ஏற்காடு ஏறுறீங்க. காற்று ஜில்லுனு முகத்தில் அடிக்குது. காபித் தோட்டம், மிளகுக் கொடி, சில்வர் ஓக் மரங்கள்... வண்டியை ஓரங்கட்டி போட்டோ எடுக்கலாம்னு இறங்கினா, காலடியில் உடைஞ்ச பாட்டில்!

'எவனோ குடிச்சுட்டுப் போட்டுட்டான்'னு திட்டிட்டு நகர்ந்திடுவீங்க. கொஞ்சம் நில்லுங்க. குடிச்சது எவனோ. ஆனா, வித்தது யாரு? டாஸ்மாக். அதாவது, தமிழக அரசின் சொந்த நிறுவனம். வித்தவருக்குப் பொறுப்பே கிடையாதா?

இதே கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. காடுகளையும் வன உயிர்களையும் காப்பாற்றச் சொல்லிப் போடப்பட்ட வழக்குகளை ஒரு சிறப்பு அமர்வு விசாரித்துக்கொண்டிருந்தது. காட்டில் வீசப்படும் பாட்டில் உடைந்து, யானையின் பாதத்தைக் கிழிக்கிறது. புண் சீழ் பிடித்தால், அவ்வளவு பெரிய உயிரும் சாய்ந்துவிடும். காலி பாட்டிலைத் திரும்ப வாங்க வழி செய்யுங்கள் என்று நீதிபதிகள் கறாராகச் சொன்னார்கள்.

2022 மே 15 முதல் நீலகிரியில் திட்டம் ஆரம்பம். ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். பிறகு ஏற்காடு உள்ளிட்ட மற்ற மலைப்பகுதிகளுக்கும் அது விரிந்தது. சும்மா கிடந்த பாட்டிலுக்கு 10 ரூபாய் மதிப்பு வந்ததும், குடித்தவர் விட்டாலும் பொறுக்குகிறவர் விடுவதில்லை. அரசாங்கம் தானாகச் செய்யாததை ஒரு வழக்கு செய்ய வைத்தது!

உங்க ஈ.வி.எஸ். பேப்பரும் ஒரு கேஸ்தான்!

'மேஜரே முடியல, இதுல சுற்றுச்சூழல் பேப்பர் வேறயா'ன்னு புலம்பினவங்க கை தூக்குங்க. எம்.சி.மேத்தா என்ற வழக்கறிஞர் மத்திய அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி 1991-ல் தீர்ப்பு வந்தது. 2003-ல் கோர்ட் மறுபடி அழுத்திச் சொன்ன பிறகுதான் கல்லூரிகளில் அது உறுதியானது. ஆக, நீங்க எழுதின அந்த எக்ஸாமே ஒரு குடிமகன் போட்ட வழக்கோட பலன்!

'நிதி இல்லை' என்பது பதில் இல்லை

சரி, அரசு அலுவலகத்தில் நாம கேள்வி கேட்டா முதலில் வரும் பதில் என்ன? 'ஃபண்ட் இல்லை சார்.' மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சியும் இதையேதான் சொன்னது. திறந்த சாக்கடை, ஆலைக் கழிவு, நாற்றம்... தாங்க முடியாமல் ஒரு வார்டு மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். 'சரி செய்' என்றார் அவர். நகராட்சி மேல்முறையீடு, மேல்முறையீடு என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தீர்ப்பு சொன்னார். மக்களின் சுகாதாரம் நகராட்சியின் கடமை. காசில்லை என்று அதிலிருந்து நழுவ முடியாது. இன்றைக்கும் நம் கையில் இருக்கிற வலுவான ஆயுதம் அது.

நாமும் செய்யலாமா?

தாராளமா! ஒரு உதாரணத்துக்கு, மலைமேல் ஏதோ ஓர் அரசுக் கட்டடத்தின் கழிவுநீர் ஓடையில் கலக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேதியோடு போட்டோ எடுங்க. ஒரு நாள் அல்ல, பல நாள். அடுத்து, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு. 'சுத்திகரிப்பு வசதி இருக்கிறதா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்கிறதா?' என்று கேளுங்க. 30 நாளில் பதில் வர வேண்டும். வாரியத்துக்கும் கலெக்டருக்கும் புகார் எழுதி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்க. ரத்லம் மக்கள் பிடித்த அதே சட்டப்பிரிவு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 152-வது பிரிவாக இருக்கிறது. அதன்படி ஆர்.டி.ஓ.விடமும் போகலாம்.

அப்பவும் அசையலையா? சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். ஆனா, பிரச்னை எழுந்து 6 மாதத்துக்குள் போகணும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' இங்கே செல்லாது.

ஒரு கசப்பான விஷயமும் சொல்லணும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில், அரசுத் துறை தப்பு செய்தால் அதன் தலைவர் ஜெயிலுக்குப் போகவும் முன்பு வழி இருந்தது. 2023-ல் வந்த திருத்தம் அதை ஒரு மாத அடிப்படைச் சம்பள அபராதமாகக் குறைத்துவிட்டது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் அதுவும் இல்லை. சட்டத்தின் பல் தேயத் தேய, கவனிக்கிற கண்கள் அதிகமாக வேண்டாமா?

இன்னொண்ணு. தீர்ப்பு வாங்கினால் வேலை முடிந்ததாக அர்த்தம் இல்லை. பேப்பரில் இருக்கிற உத்தரவு மலையில் இறங்கியதா என்று பார்க்க நீதிபதி பைக் எடுத்துக்கிட்டு வர மாட்டார். நீங்கதான் போறீங்க!

அதனால், அடுத்த முறை சேர்வராயன் மலை ஏறும்போது மொபைலில் செல்ஃபியோடு நிறுத்திக்காதீங்க. கண்ணை உறுத்தும் இடத்தையும் தேதியோட ஒரு கிளிக் எடுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன செக்கிங்... உங்க பேக்கில் இருக்கிற பாட்டில் உங்களோடதானே கீழே இறங்குது?